எட்டு பொல் மால்ட்டில் எத்தனை புட்டி?

ஸ்காட்லாந்து அரசின் கருவூலக் கணக்குச் சுருள்களில், 1494–95ஆம் ஆண்டுக் கணக்கில், லத்தீனில் எழுதிய ஒரு செலவு வரி இருக்கிறது. அச்சுப் பதிப்பில் அது பத்தாம் தொகுதியில் வருகிறது. ஸ்காட்ச் விஸ்கியின் வரலாற்றை எழுதுகிற எவரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த வரி சொல்லும் செய்தி இவ்வளவுதான்: சகோதரர் ஜான் கோர் என்பவருக்கு, காம்ப்ட்ரோலர் என்ற வரவுசெலவு அதிகாரியின் உத்தரவின்பேரில், அது அரசரின் ஆணை என்று கணக்குக் கொடுப்பவர் சொல்ல, அக்வா விட்டே என்ற வடிசாராயம் செய்வதற்காக, இந்தக் கணக்குக் காலத்துக்குள், எட்டு பொல் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, கொடுக்கப்பட்டது.

இந்த வரிக்கு விஸ்கி உலகம் ஏற்கெனவே ஓர் உரை எழுதி வைத்திருக்கிறது: எட்டு பொல் மால்ட் என்றால் ஏறக்குறைய 1,500 புட்டி விஸ்கி. ஊர் ஊராக, புத்தகம் புத்தகமாக அந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. வடிப்பில் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒரே பெருக்கலில் வருகிற விடை அன்று. தானியம், ஊறல், முதல் வடிப்பு, மறு வடிப்பு என்று படிக்குப் படி ஒரு பங்கு கழிந்துகொண்டே போகும். எந்தப் படியில் எவ்வளவு கழிந்தது என்பதற்கான தடயம் இந்த ஒற்றை வரியிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஆகவே வரியைத் துண்டு துண்டாகப் பார்ப்போம்.

சகோதரர் ஜான் கோருக்கு

யார் இவர்? வரி பெயரைத் தருகிறது, மடத்தைத் தரவில்லை. ஃபைஃப் பகுதியில் நியூபர்க் ஊரை ஒட்டியுள்ள லிண்டோர்ஸ் மடத்தோடு இவரை இணைப்பது பின்னாளில் நிலைத்த வழக்கம். 2017இல் அந்த மடத்தின் இடிபாடுகளுக்கு எதிரே ஒரு விஸ்கி வடிப்பாலையும் தொடங்கினார்கள். அவர் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி துறவு மடத்தவரையும் குறிக்கும், ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கம் செய்யும் சபையினரையும் குறிக்கும். எந்த மடம் என்பது நம் கணக்கை மாற்றப்போவதில்லை.

கணக்கை மாற்றுவது வேறொன்று. எந்த மடமாக இருந்தாலும் அங்கே ஏல் என்ற பார்லி மது காய்ச்சுவார்கள். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்குவதிலும் புளிக்க வைப்பதிலும் பழகிய கைகள் இருந்தன. வாலை என்னும் வடிகலத்தில் வடிப்பது அப்படியன்று. அது மருந்துச் சாலை வேலை, சிறு பாத்திரத்தில் நடப்பது. ஊறல் அண்டா அண்டாவாகத் தயாராகும், வாலையோ சில பத்து லிட்டர்தான் கொள்ளும். இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசர் ஆணை என்று சொல்ல

அரசர் நான்காம் ஜேம்ஸ். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். வைத்தியத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். தன்னைப் பல் பிடுங்க விட்டவர்களுக்கு அவர் காசு கொடுத்ததுகூடக் கருவூலக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் ஸ்டர்லிங் கோட்டையில் ரசவாத உலைகளுக்குச் செலவழித்தவரும் இவரே. அரசருக்கு வேண்டியது விருந்துக்கு ஊற்றும் மது என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. உலைக்கும் மருந்துக்கும் போகும் சாராயமாகவும் இருக்கலாம். மருந்துக்கு என்றால் வலிமை கூடும், அளவு குறையும்.

அக்வா விட்டே செய்வதற்காக

இங்கேதான் புட்டிக் கணக்கு முதலில் சறுக்குகிறது. எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால், எந்த வலிமையில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பத்து லிட்டர் என்பது 70 சதவீதமா 40 சதவீதமா என்று தெரியாதவரை அந்தப் பத்துக்குப் பொருள் கிடையாது. அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் தூய ஆல்கஹால் லிட்டரில் எண்ணுகிறார்கள். கொள்ளளவை வலிமையால் பெருக்கினால் அது வரும். 100 லிட்டர் ஊறல் 8 சதவீதம் என்றால் உள்ளே 8 லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டும் எந்த வாலையாலும் தர முடியாது. வாலை ஆல்கஹாலை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பிரித்துத் தருகிறது.

தூய லிட்டரில் எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்தால் கொள்ளளவு சுருங்கும். ஒரு லிட்டரும் ஒரு லிட்டரும் சேர்ந்து இரண்டு லிட்டர் ஆவதில்லை, ஏறக்குறைய 1.93 லிட்டர்தான் ஆகும். வெறும் லிட்டரை மட்டும் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் பாதி வழியில் கணக்கு உதைக்கும். தூய ஆல்கஹாலைத் தனியாகப் பின்தொடர்ந்து, கடைசியில் வேண்டிய வலிமையால் வகுத்தால் உதைக்காது.

1505இல் எடின்பரோ நகர மன்றம் அக்வா விட்டே செய்து விற்கும் தனியுரிமையை அறுவை வைத்தியரும் நாவிதரும் சேர்ந்த சங்கத்துக்குக் கொடுத்தது. கோரின் காலத்துக்குப் பத்தே ஆண்டு பின்னால் அது வைத்தியர் கைப்பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து பொன்னிறம் ஏறிய இன்றைய விஸ்கியை அவரோடு இணைத்துப் பேசுவதே பொருந்தாது. ஒப்பிட ஏதாவது ஓர் அலகு வேண்டும் என்பதற்காக மட்டும், இன்றைய 70 சென்டிலிட்டர் புட்டி, 40 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒரு புட்டியில் இருப்பது 0.28 லிட்டர் தூய ஆல்கஹால். 1,500 புட்டி என்றால் 420 லிட்டர். நாம் சோதிக்க வேண்டிய எண் இந்த 420.

எட்டு பொல்

பொல் என்பது முகத்தல் அளவை. நான்கு ஃபர்லாட் ஒரு பொல். ஒரு ஃபர்லாட்டுக்கு நான்கு பெக். நம் மரக்காலையும் கலத்தையும் போல, எடையைச் சொல்லாமல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைச் சொல்லும் அளவை. நெல் அளந்து பழகியவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் சொல்லாமலே புரியும். தலைதட்டி அளந்ததா குவித்து அளந்ததா, எந்த ஊர் மரக்கால் என்பதைப் பொறுத்து எட்டு பத்தாகலாம், பத்து எட்டாகலாம்.

ஸ்காட்லாந்திலும் அப்படியே. 1618இல் அளவைகளை ஒழுங்குபடுத்தியபோதுகூட ஒரே பெயரில் இரண்டு ஃபர்லாட்களை வைத்தார்கள். கோதுமைக்கு ஒன்று, பார்லிக்கும் ஓட்ஸுக்கும் மால்ட்டுக்கும் அதைவிடப் பெரியதாக ஒன்று. முதலாவதன்படி ஒரு பொல் ஏறக்குறைய 145 லிட்டர், இரண்டாவதன்படி 210 லிட்டர். இவற்றுக்கு அப்பால் மாவுக்கு என்று எடையில் நிறுத்த பொல் ஒன்றும் பின்னாளில் வந்தது. அது 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ.

மால்ட் எடை குறைந்த தானியம். முளைவிட்டுக் காய்ந்தபின் உள்ளே பொரபொரவென்று ஆகிவிடும். ஒரு லிட்டர் மால்ட் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். இதை வைத்துப் பார்த்தால் எட்டு பொல்லுக்கு மூன்று எடைகள் கிடைக்கின்றன. மாவு பொல் என்றால் 508 கிலோ. சின்ன பொல் என்றால் சுமார் 600 கிலோ. பெரிய பொல் என்றால் சுமார் 880 கிலோ. மூன்றுமே கோருக்குப் பிந்தைய அளவைகள் என்பதால் இவற்றை எல்லைக் கற்களாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். நடுவில் உள்ள 600 கிலோவை வைத்துக் கணக்கை நடத்தி, இரண்டு ஓரங்களையும் கடைசியில் பார்க்கலாம்.

மால்ட்

உரையின் கனமான துண்டு இது. அரை டன் தானியத்துக்குள் எவ்வளவு சாராயம் ஒளிந்திருக்கிறது?

வேதியியல் ஓர் உச்ச வரம்பைப் போட்டுக் கொடுக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுக்கப் புளித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி காற்றோடு போய்விடுகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகும்போது தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு எடை கூடும், ஒரு கிலோ மாவுச்சத்து 1.11 கிலோ சர்க்கரையாகும். அதில் 0.57 கிலோ ஆல்கஹால் வரும். லிட்டரில் சொன்னால் 0.72. நல்ல மால்ட்டில் பத்தில் ஆறு பங்கு மாவுச்சத்து. ஆக ஒரு கிலோ மால்ட்டுக்கு 0.43 லிட்டர். இதைத் தாண்ட வழியில்லை.

இன்றைய ஸ்காட்லாந்து வடிப்பாலைகள் ஒரு டன் மால்ட்டுக்குச் சுமார் 410 லிட்டர் தூய ஆல்கஹால் எடுக்கின்றன. உச்ச வரம்பை அநேகமாகத் தொட்டுவிட்டார்கள் என்று பொருள். பல தலைமுறைப் பயிர்த்தேர்வு, அரை டிகிரி பிசகாத வெந்நீர், மூன்று நான்கு முறை நீர் விட்டுக் கடைசி இனிப்பையும் கழுவி எடுப்பது, தேர்ந்த ஈஸ்ட் எல்லாம் சேர்ந்த பலன் அது.

1,500 புட்டிக் கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது. 420 லிட்டரை 410ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்குச் சற்று மேல் வரும். எட்டு பொல் ஒரு டன் என்று எடுத்து, இன்றைய விளைச்சலை அதன்மேல் அப்படியே வைத்தால்தான் 1,500 வரும். நாம் பார்த்த மிகப் பெரிய பொல்லை வைத்தாலும் 880 கிலோதான். அதற்கு இன்றைய விளைச்சலைக் கொடுத்தாலும் 361 லிட்டர், 1,290 புட்டி. தாராளமாக எப்படி அளந்தாலும் அந்த எண் எட்டவில்லை.

கோரின் கையில் இருந்த மால்ட் இன்றைய மால்ட் அன்று. ஸ்காட்லாந்தில் அப்போது விளைந்தது பெரும்பாலும் பேர் என்னும் ஆறுவரிசைப் பார்லி. மணி சிறியது, உமி அதிகம், புரதம் அதிகம், அதனால் மாவுச்சத்து குறைவு. வெப்பமானி கிடையாது. வெந்நீர் கொஞ்சம் கூடிவிட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் கெட்டுவிடும். கொஞ்சம் குறைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். சக்கையில் ஒரு பங்கு இனிப்பு தங்கிப் போகும்.

புளித்து முடிந்த ஊறல் எவ்வளவு வலிமை என்று அளக்கவும் அவரிடம் கருவி இல்லை. இன்று அது கண்ணாடிக் குடுவையில் மிதவையை விட்டுப் பார்க்கும் வேலை. தொடக்கத்தில் அடர்த்தி 1.060, முடிவில் 0.998. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.062, அதை 131ஆல் பெருக்கினால் 8 சதவீதம். இப்படி மிதவையை வைத்துக் கணக்குப் போடும் பழக்கத்தை மதுக்காய்ச்சும் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன். அவர் நூல் வந்தது 1784இல், கோருக்குக் கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு கழித்து. கோர் நாக்கில் இனிப்பையும் மேலே எழும் நுரையையும் பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஒரு கிலோ மால்ட்டுக்கு ஐந்து லிட்டர் ஊறல் என்பது இன்றும் நடக்கும் விகிதம். அதையே கோருக்கும் கொடுக்கிறேன். வலிமையை மட்டும் 8இலிருந்து 5 சதவீதத்துக்கு இறக்குகிறேன். 600 கிலோ மால்ட், 3,000 லிட்டர் ஊறல், உள்ளே 150 லிட்டர் தூய ஆல்கஹால். டன்னுக்கு 250. மடத்து மதுக்கூடத்தின் திறமைக்கு இது குறைத்த மதிப்பீடு என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி வாலை. 40 லிட்டர் ஊறலை ஊற்றி அடியில் தீ மூட்டியதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 2 லிட்டர் ஆல்கஹால். முதலில் எழும் ஆவி 35, 40 சதவீதம் இருக்கும். நேரம் ஆக ஆக அது நீர்த்துக்கொண்டே வரும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 லிட்டர் இறங்கியதும் நிறுத்தலாம், அதற்குமேல் எரிப்பது விறகுக்கு நட்டம். இறங்கியது சராசரி 14 சதவீதம். தூய கணக்கில் 1.8 லிட்டர். மீதி 0.2 எங்கே? கொஞ்சம் பானையின் அடியிலேயே நிற்கும். பெரும்பகுதி மூட்டுவாய் வழியே போயிருக்கும். வாலையின் மூடியும் குழாயும் சேரும் இடத்தில் மாவுப் பசையோ சீலைமண்ணோ பூசுவார்கள், சூட்டில் அது வெடிக்கும். குளிர்விக்கும் தண்ணீர் சூடேறினால் ஆவியாகவே வெளியேறும். நீரில் மூழ்கிய பாம்புக்குழாயைப் போலோன்யாவின் ததேயோ ஆல்தெரோத்தி 13ஆம் நூற்றாண்டிலேயே விவரித்துவிட்டார். ஆனால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

இப்படி மூன்று முறை வடித்ததைச் சேர்த்தால் 39 லிட்டர், உள்ளே 5.4 லிட்டர் தூய ஆல்கஹால். அதை மறுபடி வாலையில் ஏற்றினால் இந்த முறை முதல் ஆவியே 65 சதவீதம் இருக்கும். தொடக்கத்தில் மூக்கை அறுக்கும் நெடியோடு வரும் கொஞ்சத்தை ஒதுக்கிவிட்டு, நடுப்பங்கை எடுத்து, வலிமை 40ஐ நெருங்கும்போது பாத்திரத்தை மாற்றினால், நடுப்பங்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர், சராசரி 55 சதவீதம். தூய கணக்கில் மூன்றரை லிட்டர்.

120 லிட்டர் ஊறலில் ஆறு லிட்டர் இருந்தது, கையில் வந்தது மூன்றரைதானா என்று பதற வேண்டாம். கடைப்பங்கில் இன்னும் ஒன்றரை லிட்டருக்கு மேல் இருக்கிறது. அதைக் கொட்டிவிட மாட்டார்கள். அடுத்த மறு வடிப்பில் சேர்ப்பார்கள். இன்றைய வடிப்பாலைகளும் அதையேதான் செய்கின்றன. ஒரு வடிப்பின் விளைச்சல் என்பதும் ஒரு பருவத்தின் விளைச்சல் என்பதும் இதனால்தான் வேறு வேறு எண்கள். முதல் வடிப்பை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்தோம் என்று நினைப்பதும், அதையே ஆண்டு முழுதுக்கும் பெருக்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள். கடைப்பங்கு சுழன்றுகொண்டே இருந்தால் நட்டம் கசிவும் ஆவியும் கடைசி முறை மிஞ்சுவதும்தான். ஊறலில் இருந்ததில் நூற்றுக்கு 77 பங்கு பாத்திரத்துக்கு வந்து சேரும் என்று வைக்கிறேன்.

150 லிட்டரில் 115. புட்டியில் சொன்னால் 410. சின்ன ஓரமான 508 கிலோவுக்கு 350, பெரிய ஓரமான 880 கிலோவுக்கு 600. மருந்துக்காக மூன்றாவது நான்காவது முறையும் வடித்திருந்தால் இன்னும் குறையும். 350க்கும் 600க்கும் நடுவே எங்கோ ஓரிடம், அதுதான் என் உரை.

இந்தக் கணக்குக் காலத்துக்குள்

எல்லோரும் தாண்டிப் போய்விடும் துண்டு இது. எட்டு பொல் மால்ட்டும் ஒரே நாளில், ஒரே வடிப்புக்காகக் கொடுத்ததாகவே நூல்கள் எழுதுகின்றன. வரி அப்படிச் சொல்லவில்லை. கணக்குக் காலத்துக்குள் என்றுதான் சொல்கிறது.

40 லிட்டர் வாலையில் 3,000 லிட்டர் ஊறலை வடிக்க முதல் வடிப்பே 75 முறை வேண்டும். மறு வடிப்பு 25 முறை. நாளுக்கு ஒன்று வீதம் மூன்று மாதத்துக்கு மேல் அடுப்பு அணையக் கூடாது. அன்றைய ஸ்காட்லாந்து ஏலில், கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்க்கும் வழக்கம் பரவவில்லை. ஹாப்ஸ் இல்லாத ஏல் சில நாளில் புளித்துக் காடியாகத் திரும்பும், அதாவது இருக்கும் ஆல்கஹாலே அமிலமாக மாறிப்போகும். மொத்த மால்ட்டையும் ஒரே தடவையாக ஊறல் போட்டிருந்தால் கடைசி அண்டாவை வடிக்க எடுக்கும்போது அதில் வடிக்க ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக மால்ட் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊறல் போட்டு, வாலையின் வேகத்துக்கு ஏற்ப வடித்திருக்க வேண்டும். வாலை பெரிதாக இருந்திருந்தால் நாட்கள் குறையும், தத்துவம் மாறாது.

வரியில் இல்லாதது

மால்ட் போனது பதிவாகியிருக்கிறது. அக்வா விட்டே வந்தது பதிவில் இல்லை. கருவூலத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. தானியம் அரசருடையது, கொடுத்ததற்கு ஆணை இருந்தது, அத்தோடு கணக்கு முடிந்தது. விளைச்சலை அரசு எண்ணத் தொடங்கியது, சாராயத்தின்மீது வரி வந்தபிறகுதான்.

எண்ணத் தொடங்கியபோது பட்ட பாடு சாதாரணமானதன்று. 1786இல் ஸ்காட்லாந்துத் தாழ்நிலத்தில் ஒரு சட்டம் வந்தது. வடித்து வருவதை அளந்து வரி போடாமல், வாலையின் கொள்ளளவுக்கு, ஒரு காலனுக்கு ஆண்டுக்கு ஒன்றரை பவுண்டு என்று உரிமக் கட்டணம் விதித்தார்கள். இத்தனை காலன் வாலை ஆண்டுக்கு இத்தனை முறை ஓடும், இவ்வளவு தரும் என்ற ஊகம் அதற்கு அடிப்படை. வடிப்போர் அந்த ஊகத்தை உடைத்தார்கள். அடி அகன்று ஆழம் குறைந்த, தட்டு போன்ற வாலைகளைச் செய்து, மணிக்கணக்கில் நடந்த வடிப்பைச் சில நிமிடங்களில் முடித்தார்கள். அரசு கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது, 1797இல் காலனுக்கு 54 பவுண்டு. வேகமாகக் கொதித்த வாலையில் முதல் பங்கும் கடைப்பங்கும் பிரியாமல் கலந்து இறங்கியதால் சாராயத்தின் தரமும் கெட்டது.

1823ஆம் ஆண்டுச் சட்டம் பத்து பவுண்டு உரிமக் கட்டணத்தோடு, வடித்து வரும் ஒவ்வொரு காலனுக்கும் வரி என்று மாற்றியது. வாலையிலிருந்து இறங்கும் சாராயம் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் பாய, வடிப்பவர் கை வைக்காமல் வெளியிலிருந்தே பிடியைத் திருப்பி நடுப்பங்கைப் பிரிக்கும் ஏற்பாடும் வந்தது. ஊறலின் அடர்த்தி எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து வரவேண்டியது ஒரு பக்கம், பூட்டிய பெட்டியைத் தாண்டிக் கலத்தில் சேர்ந்தது மறுபக்கம் என்று கலால் அதிகாரிகள் எழுதத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அளவு மீறினால் காரணம் சொல்ல வேண்டியவர் வடிப்பவர்.